செம்மண் களத்தின் நாயகனைச் சிறையிட்ட 175-வது பிரிவு

புதுதில்லி: வயது வந்த இருவர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 செப்டம்பர் 6-ம் தேதி தீர்ப்பளித்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அன்று அந்த அளவில் செயலிழந்தது. ஏறத்தாழ இதே நோக்கம் கொண்ட சட்டப் பிரிவு ஜெர்மனியிலும் இருந்தது. அதன் எண் 175. அதற்கு இரையான பல்லாயிரம் பேரில் உலகறிந்த ஒருவர், டென்னிஸ் வீரர் காட்ஃபிரீட் ஃபான் கிராம். இந்தியாவின் கௌஸ் முகமதுவை லண்டனில் இறுதி ஆட்டத்தில் வென்றவர் என்பதால் நமது விளையாட்டு வரலாற்றிலும் அவருக்கு ஓரிடம் உண்டு.

ஹானோவர் அருகே நெட்லிங்கனில் 1909 ஜூலை 7-ம் தேதி, ஏழு ஆண் மக்கள் கொண்ட பிரபுக் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். சட்டம் படிப்பதற்காக பெர்லின் சென்றவரை டென்னிஸ் ஆட்கொண்டது.

ஐரோப்பாவின் செம்மண் தரை என்பது உண்மையில் செங்கல் பொடி பரப்பிய களம். புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பாயும். இங்கோ வேகம் குறைந்து மேலெழும். எதிராளியின் அடியை ஒரே வீச்சில் முறியடிக்க இயலாது. பொறுமையும் உடல் வலிமையும் உடையவரே இங்கு நிலைக்க முடியும். கிராம் அத்தகையவர். ஹாம்பர்க் நகரில் 1892 முதல் நடந்துவரும் ஜெர்மன் சாம்பியன் போட்டியில் 1932 தொடங்கித் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரே பட்டம் வென்றார். பாரிஸ் செம்மண் களத்தில் 1934-ல் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிராஃபோர்டையும், 1936-ல் இங்கிலாந்தின் ஃபிரெட் பெர்ரியையும் வீழ்த்தி பிரெஞ்சு சாம்பியன் ஆனார். பெர்ரிக்கு எதிரான ஐந்தாவது செட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இதனிடையே 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கிராமுடன் டேவிஸ் கோப்பை அணியில் ஆடிய டேனியல் பிரென் ஒரு யூதர். முந்தைய ஆண்டுதான் பெர்ரியை வென்று ஜெர்மனிக்குப் பெருமை தேடித் தந்தவர். அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார், இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். பொன்னிற முடியும் ஆறடி உயரமும் கொண்ட கிராமோ, ஆட்சியாளர்கள் பறைசாற்றிய ஆரிய இனத்துக்கு வாழும் விளம்பரமாகத் தோன்றினார். ஆனால் அவர் நாஜிக் கட்சியில் சேர மறுத்துவிட்டார். ஆட்சிக்கு எதிராக மேடை ஏறிய போராளி அல்லர் அவர். அழைத்தபோது போகாமல் இருந்தவர், அவ்வளவே. சர்வாதிகாரத்துக்கு அதுவே போதுமான குற்றம்.

1935 டேவிஸ் கோப்பையில் அமெரிக்காவுடன் நடந்த இரட்டையர் ஆட்டம் ஒன்று பலமுறை பேசப்பட்டது. வெற்றிப் புள்ளி கிடைத்துவிட்டதாக ஜெர்மானியர் மகிழ்ந்திருக்க, கூட்டாளி அடிக்கும் முன் பந்து தன் மட்டையில் உரசியதை கிராம் தாமே நடுவரிடம் தெரிவித்தார். ஆட்டம் கைநழுவியது. 1937-ல் அதே அமெரிக்காவின் டான் பட்ஜுடன் விம்பிள்டனில் மோதியபோது முதல் இரு செட்களை வென்றிருந்தார்; கடைசி செட்டில் 4-1 என முன்னிலையும் பெற்றார். இறுதியில் 8-6 எனத் தோற்றார். அந்த ஆட்டத்துக்கு முன் ஹிட்லரே தொலைபேசியில் அழைத்தார் என்றொரு கதை இன்றளவும் உலவுகிறது. சுவையான கதைதான், நம்ப வேண்டியதில்லை.

வெற்றிகள் தொடர்ந்தவரை அரசு அவரைத் தொடவில்லை. வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பியதும், 1938 மார்ச் 5-ம் தேதி ரகசிய போலீசார் அவரைக் கைது செய்தனர். மனாசே ஹெர்ப்ஸ்ட் என்ற யூத நடிகருடனான உறவுதான் குற்றச்சாட்டு. 1871-ல் இயற்றப்பட்ட 175-வது பிரிவை நாஜிக்கள் 1935-ல் மேலும் கடுமையாக்கியிருந்தனர். ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஹெர்ப்ஸ்டுக்குப் பணம் அனுப்பியதும் வழக்கில் சேர்ந்துகொண்டது. மே மாதம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. களத்தில் எதிரியாக நின்ற பட்ஜ், 25 விளையாட்டு வீரர்களின் கையெழுத்துடன் ஹிட்லருக்கு மனு அனுப்பினார். தண்டனைக் காலம் முடியும் முன்பே, அதே ஆண்டு அக்டோபரில் கிராம் விடுதலையானார்.

1939 ஜூனில் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் மீண்டும் களமிறங்கினார். அமெரிக்காவின் பாபி ரிக்ஸை 6-0, 6-1 என நசுக்கினார். இறுதி ஆட்டத்தில் லக்னோ அருகே மலீஹாபாத்தைச் சேர்ந்த கௌஸ் முகமதுவை 6-1, 6-3 என வென்றார். அடுத்து நடந்த விம்பிள்டனில் கிராம் இல்லை. கால் இறுதியை எட்டிய முதல் இந்தியர் என்ற சிறப்பை அங்கு பெற்ற கௌஸ், ரிக்ஸிடம் தோற்றார். அந்த ரிக்ஸ்தான் அவ்வாண்டு சாம்பியன்.

இதில் நாஜிக்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அதே ஆண்டு அமெரிக்கா, அவர் மீதான தண்டனையைக் காரணம் காட்டி விசா மறுத்தது. சுதந்திர நாடு என்று பெயர் பெற்ற நாடு, ஹிட்லரின் நீதிமன்றத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது.

போர் தொடங்கியபின் படையில் சேர்க்கப்பட்டு, கிழக்குப் போர்முனையின் கடுங்குளிரில் கால்கள் பாதிக்கப்பட்டார். இரும்புச் சிலுவை விருதும் கிடைத்தது. குண்டுவீச்சில் சிதைந்த ஹாம்பர்க் மெல்ல எழுந்துகொண்டிருந்த 1948-ல் மீண்டும் ஜெர்மன் சாம்பியன் ஆனார். நாற்பது வயதான 1949-லும் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பின்னர் பருத்தி இறக்குமதி வணிகத்தில் ஈடுபட்டார். அமெரிக்கச் செல்வச் சீமாட்டி பார்பரா ஹட்டனுடன் 1955-ல் நடந்த திருமணம் நான்கு ஆண்டுகளே நீடித்தது. 1976 நவம்பரில் எகிப்தின் கெய்ரோ அருகே கார் விபத்தில் இறந்தார்.

ஹிட்லர் வீழ்ந்த பின்னும் 175-வது பிரிவு வீழவில்லை. நாஜிக்கள் கடுமையாக்கிய அதே வடிவில் மேற்கு ஜெர்மனி 1969 வரை அதை வைத்திருந்தது. முற்றிலும் நீக்கப்பட்டது 1994-ல். நாஜிக் காலத் தண்டனைகளை ஜெர்மன் நாடாளுமன்றம் 2002-ல் ரத்து செய்தபோது கிராம் இறந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. போருக்குப் பின் தண்டிக்கப்பட்டவர்களோ 2017 வரை காத்திருக்க நேர்ந்தது.