குருகூரில் கிடைத்த ஏடு
மஹாமஹோபாத்யாய டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்களின் திவ்ய சரிதம்

தாமிரபரணிக் கரையிலே விளங்கும் ஆழ்வார்திருநகரி என்னும் திருக்குருகூர், மறைந்த நூல்களை மீட்டுத் தந்த க்ஷேத்திரம் என்பதை ஸ்ரீவைஷ்ணவ உலகம் நன்கு அறியும். காட்டுமன்னார்கோயிலில் யாத்திரிகர் சிலர் ஆராவமுதன் விஷயமாக ஓதிய பத்துப் பாசுரங்களைச் செவியுற்ற ஸ்ரீமந் நாதமுனிகள், அவை ஓர் ஆயிரத்தின் பகுதி என்று உணர்ந்து, எஞ்சியவற்றைத் தேடிக் குடந்தை சென்றார். அங்கும் கிடையாமல் குருகூரை அடைந்து, கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வாருடைய அனுக்ரஹத்தால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே குடந்தையிலிருந்து புறப்பட்ட மற்றொரு பெரியவர், அதே குருகூரில், அதே ஆழ்வாரைப் பிரார்த்தித்து, வேறொரு தொன்னூலைப் பெற்றார். அவரே தமிழ்த் தாத்தா என்று உலகம் போற்றும் சாமிநாதையரவர்கள்.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் அவதரித்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். குழந்தைக்கு இட்ட திருநாமம் வேங்கடராமன் என்பது. வீட்டில் சாமிநாதன் என்று அழைத்து வந்தனர். 1871-இல் மாயூரத்தில் மஹாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தபொழுது, ஆசிரியர் விரும்பி அழைத்த அந்த வீட்டுப் பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. 1876-இல் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தும் வரையில் அவரைப் பிரியாமல் குருகுலவாசம் செய்து, அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் கல்வி பயின்றார். அந்தாதிகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள், தல புராணங்கள் ஆகியவற்றில் அவர் கல்லாதன சில என்னும்படி தேர்ச்சி பெற்றிருந்தார்.

1880-இல் தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வு பெற்றபொழுது, அவருடைய பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, குடந்தையில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை ஐயரவர்கள் வரிசையாகச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய காவியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்றே விடை கூற நேர்ந்தது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அளித்துப் பாடம் சொல்லும்படி வேண்டினார். அந்த ஒரு சந்திப்பினால், இருபத்தைந்து வயதில் கல்வி நிரம்பப் பெற்றவராக மதிக்கப்பட்ட ஒருவர் மீண்டும் மாணாக்கரானார்.

பழைய ஏட்டைப் படிப்பது எளிய காரியமன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாது. செய்யுள் எது, உரை எது என்று பிரித்துக் காட்டாமல் இடைவெளியின்றி எழுதியிருப்பர். பூச்சி அரித்த இடமும் ஒடிந்த இடமும் வேறு. ஆகவே ஓர் ஏட்டிலுள்ள பிழையைத் திருத்தப் பல ஏடுகள் வேண்டும். ஊர் ஊராகத் தேடி அவற்றைத் தருவித்து ஒப்பு நோக்க வேண்டும். சிந்தாமணி ஜைன காவியமாதலின், அந்த மதத்தின் கொள்கைகளை அறியும்பொருட்டு ஐயரவர்கள் குடந்தையிலிருந்த ஜைனர் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் பணிவுடன் கேட்டுத் தெளிந்தார். வைதிக குலத்தில் பிறந்த அவர், நூலைக் காப்பதில் மத பேதம் பாராட்டவில்லை. ஏழாண்டு உழைப்பின் பயனாகச் சிந்தாமணி 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

அடுத்துப் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்று, நல்ல பிரதி வேண்டிப் பாண்டி நாட்டில் யாத்திரை செய்தார். ஏடுகள் அழிந்த வகைகளைத் தம் யாத்திரைகளில் அவர் அறிந்தார். பதினெட்டாம் பெருக்கன்று பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்டவர் உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் பாண்டியர் பரம்பரையில் வந்த ஏடுகள் கோயிலைச் சேர்ந்தன என்று கேள்வியுற்று ஆவலுடன் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுவதாகக் கருதி, அவ்வாறே அக்னியில் சேர்த்துவிட்டதாக அங்கே விடை கிடைத்தது. அச்சொல்லைக் கேட்டு அவர் உள்ளம் துடித்தது. பகைவரோ திருடரோ செய்த அழிவன்று அது. புனிதமானதைப் புனிதமான முறையில் முடித்துவிட்டோம் என்று எண்ணிய நல்லவர்கள் செய்தது. ஜீர்ணமானதை அக்னிக்கு அளிக்குமுன் அதற்குப் புதிய பிரதி எழுதி வைக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பத்துப்பாட்டைத் தேடி வந்தவர் ஆழ்வார்திருநகரியை அடைந்தார். பரம்பரையாகக் கவிராயர்கள் வாழ்ந்த ஊர் அது. லக்ஷ்மண கவிராயர் இல்லத்தில் திரள் திரளாக ஏடுகள் இருந்தன. நாட்கணக்கில் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்த்தும், தேடி வந்த பத்துப்பாட்டு மட்டும் அகப்படவில்லை. சோர்ந்திருந்த அந்த வேளையில் நம்மாழ்வார் திருவீதியில் எழுந்தருளினார். ஐயரவர்கள் ஆழ்வாரை ஸேவித்து, வேதத்தைத் தமிழ் செய்த பெருமானாகிய தேவரீரே இத்தமிழையும் காத்தருள வேண்டும் என்று மனமுருகி விண்ணப்பம் செய்துகொண்டார். அன்றிரவே, தம் ஏடுகளிற் சில உறவினர் இல்லத்தில் இருப்பது நினைவுக்கு வந்து, கவிராயர் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்கையில் பத்துப்பாட்டு இருந்தது.

அந்நூல் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு எத்தகைய நிதி என்பதைச் சிறிது சிந்திக்க வேண்டும். அதிலுள்ள முல்லைப்பாட்டு, மாவலி நீர் வார்க்க நிமிர்ந்த உலகளந்த பெருமானுக்கு மேகத்தை உவமித்துத் தொடங்குகிறது. பெரும்பாணாற்றுப்படை, கச்சித் திருவெஃகாவில் அரவணையில் பள்ளிகொண்ட எம்பெருமானைக் கூறுகிறது. ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த திருப்பதியின் தொன்மைக்கு இதனினும் சிறந்த சாக்ஷி வேறு வேண்டுவதில்லை. பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது.

அதன்பின் சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், பௌத்த காவியமாகிய மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. திருவரங்கமும் திருவேங்கடமும் ஆய்ச்சியர் குரவையும் இடம்பெற்ற சிலம்பை அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையுமாக உலகம் கண்டது அவரால்தான். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றுத் திருவல்லிக்கேணியில் குடியேறினார். 1906-இல் மஹாமஹோபாத்யாயர் பட்டம் அவரை வந்தடைந்தது.

1918-இல் வெளியிட்ட பரிபாடல் தனியே நினைக்கத் தக்கது. அந்நூலில் எழுபது பாடல்கள் இருந்தன என்றும், அவற்றுள் எட்டு திருமாலுக்கு உரியன என்றும் பழஞ்செய்யுள் ஒன்று கணக்குச் சொல்கிறது. ஏடுகளில் எஞ்சியவை இருபத்திரண்டு பாடல்கள்; திருமாலுக்கு உரியவை ஆறு. திருமாலிருஞ்சோலை மலையைப் பாடும் பழம்பாடல் அந்த ஆறனுள் ஒன்றாக நமக்குத் தப்பியது. பிற்காலத்தார் எடுத்துக்காட்டிய சில அடிகள் நீங்கலாக, மற்றவை போயே போய்விட்டன. அவை எந்த ஆற்றில் மிதந்தனவோ, எந்தப் பரணில் செல்லுக்கு இரையாயினவோ, எவராலும் கூற இயலாது. இனி எத்தனை பொருள் செலவிட்டாலும் அப்பாடல்களைச் சந்நிதியில் விண்ணப்பம் செய்யும் பாக்கியம் இல்லை.

1932-இல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது. முதுமையிலும் உழைப்பு நிற்கவில்லை; குறுந்தொகை 1937-இல், அவருடைய எண்பத்திரண்டாம் பிராயத்தில் வெளிவந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதி வந்தார். யுத்த பயத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தபொழுது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏடுகளையும் நூல்களையும் பேணும் பொருட்டு, 1943-இல் சென்னையில் அவர் பெயரால் நூல் நிலையம் நிறுவப்பெற்றது.

ஐயரவர்கள் காலத்தில் ஓலையைக் காக்கும் வழி, அதைப் பார்த்து எழுதுவதும் அச்சிடுவதுமே. இந்நாளில் ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் பதப்படுத்துவதோடு, ஒவ்வோர் இதழையும் நுண்ணிய படமாக எடுத்துக் கணினியில் சேமித்து வைக்கின்றனர். பாரத அரசு 2003-இல் சுவடிகளுக்கெனத் தேசிய இயக்கமொன்றைத் தொடங்கிற்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தில் ஓலைச்சுவடிகளின் படங்களை எவரும் காணும்படி வைத்திருக்கிறது. ஒரே ஊரில் ஒரே கட்டாக இருந்த ஏடு, இப்பொழுது பல இடங்களில் பிரதியாக இருக்க முடிகிறது. வெள்ளமோ நெருப்போ ஓரிடத்தில் அழித்தாலும் மற்றோரிடத்தில் நூல் நிற்கும். ஆயினும் பழைய தர்மம் மாறவில்லை. ஓலையைக் காலந்தோறும் புதிய ஓலையில் பெயர்த்து எழுதியது போலவே, கணினியிலுள்ள படங்களையும் காலந்தோறும் புதிய சாதனங்களுக்கு மாற்றி வைக்க வேண்டும். புள்ளியில்லா எழுத்தைப் பொருளறிந்து படிக்கும் வித்வான்களும் வேண்டும். அவர்கள் இல்லையேல் படம் இருந்தும் நூல் ஊமையாகிவிடும்.

உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள ஸேவார்த்திகள் பலருடைய இல்லங்களில் முன்னோர் வைத்துப் போன ஓலைக்கட்டு ஒன்று பூஜையறையிலோ பரணிலோ இருக்கக்கூடும். ஸரஸ்வதி பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவதோடு கடமை தீர்ந்துவிடாது. அவ்வீரமே ஓலைக்குப் பகையாகவும் முடியும். அதை ஆற்றில் விடாமலும் அக்னியில் இடாமலும், ஓலை படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, படமெடுத்துப் பாதுகாக்கும் சுவடி நூலகத்திற்குச் செய்தி தெரிவிக்க வேண்டும். பரிபாடலில் காணாமற்போன திருமால் பாடல் ஒன்று எந்தக் கட்டில் உறங்குகிறதோ, அதை எம்பெருமானே அறிவான். அன்று குருகூரில் ஒரு கவிராயர், உறவினர் இல்லத்தில் இருந்த கட்டை நினைவுகூர்ந்து எழுந்து சென்றார். அதனால் பத்துப்பாட்டு கிடைத்தது. அத்தகைய நினைவை அடியார் அனைவருக்கும் ஆழ்வார் தந்தருள்வாராக.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.