வியாபாரத்துக்கு லாயக்கில்லாத பையன்

ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் பக்கத்தில் ஆய்ஸ்கிர்ஷென் என்று ஒரு சிற்றூர். அங்கே லாரன்ஸ் பிஷர் என்ற பெரிய வியாபாரி இருந்தார். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால், அவருக்குப் பிறகு கடையைக் கட்டிக் காக்க ஆண் பிள்ளை வேண்டுமே!

1852-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி அந்தக் குறை தீர்ந்தது. ஒரு பையன் பிறந்தான். எமில் என்று பெயர் வைத்தார்கள்.

பையன் நன்றாகப் படித்தான். படிப்பு முடிந்ததும் தகப்பனார் அவனை மரக்கடைக்கு அனுப்பினார். கடை, அக்காள் புருஷனுடையது. தொழில் பழகட்டும் என்பது அப்பாவின் எண்ணம்.

எமிலுக்குக் கணக்குப் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. மரத்தை அளந்து விலை சொல்லவும் வரவில்லை. சமயம் கிடைத்தபோதெல்லாம் ஓர் அறைக்குள் புகுந்துகொள்வான். கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு ரசாயனச் சோதனை நடத்துவான்.

மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். தகப்பனாருக்குச் செய்தி போயிற்று. இந்தப் பையன் வியாபாரம் செய்கிற அளவுக்குப் புத்திசாலி இல்லை, படிக்கவாவது போகட்டும் என்று அவர் முடிவு கட்டினார்!

அந்த "மக்குப் பையன்" பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கினான்.

மஞ்சள் பொடி

1871-ம் ஆண்டு எமில் பிஷர் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பௌதிகம் படிக்கலாமா, ரசாயனம் படிக்கலாமா என்று கொஞ்ச நாள் தடுமாறினார். உறவுக்காரரான ஓட்டோ பிஷர் அவரை ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அழைத்துப் போனார். அங்கே பேயர் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். அவரிடம் படித்த பிறகு தடுமாற்றம் போய்விட்டது. 1874-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

மறு ஆண்டு பிஷர் ஒரு புதுப் பொருளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் பினைல்ஹைட்ரசின். பெயர் வாயில் நுழையாது. ஆனால் அதுதான் அவருக்குப் புகழ் தந்தது. அவர் உடம்பைக் கெடுத்ததும் அதுவே.

அந்தக் காலத்தில் சர்க்கரைகளை ஆராய்வது பெரும் தொல்லை. சர்க்கரையில் ஒரு வகை அல்ல, பல வகை உண்டு. பழத்தில் உள்ளது வேறு, பாலில் உள்ளது வேறு. ஆராயப் புகுந்தால் எல்லாம் பாகாகிப் பிசுபிசுத்துப் போகும். எது எந்தச் சர்க்கரை என்று பிரித்தறிய முடியாது.

பிஷர் தம்முடைய பினைல்ஹைட்ரசினைச் சர்க்கரையோடு சேர்த்தார். மஞ்சள் நிறத்தில் பளபளவென்று படிகம் விழுந்தது! வடிகட்டலாம், காய வைக்கலாம், சோதிக்கலாம். பூட்டிக் கிடந்த வீடு திறந்த மாதிரி ஆயிற்று.

திராட்சைச் சர்க்கரையில் எத்தனை அணுக்கள் என்பது முன்பே தெரியும். அவை எந்த அணு எந்தப் பக்கம் என்று எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் தெரியாது. 16 விதமாக அடுக்க இடம் உண்டு. அதில் எது சரி என்பதை 1891-ல் பிஷர் காட்டினார். அணுவைக் கண்ணால் பார்க்கும் கருவி எதுவும் அன்று கிடையாது. சோதனைக் குழாயும் மூளையும்தான்.

இடையிலே, பெரிய சாயத் தொழிற்சாலை ஒன்று அவரைத் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக அழைத்தது. அது 1883-ம் ஆண்டு. அவர் போகவில்லை. தகப்பனார் கொடுத்த சொத்து இருந்தது. பிழைப்புக்குக் கவலை இல்லை. வியாபாரத்துக்கு ஆகாத பிள்ளைக்கு வியாபாரப் பணம்தான் கை கொடுத்தது!

ஆனால் அந்த மஞ்சள் பொடியைத் தந்த மருந்து ஒரு விஷம். ஆண்டுக்கணக்கில் அதன் ஆவியைச் சுவாசித்ததால் அவர் உடல் நலிந்தது. மலைக் காட்டுக்குப் போய் நடந்து, ஓய்வெடுத்துத் திரும்புவார். திரும்பியதும் மறுபடியும் ஆராய்ச்சிக் கூடம்தான்.

பூட்டும் சாவியும்

1888-ல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தன. 1892-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்தது.

அங்கேதான், 1894-ல், அவர் இன்றுவரை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்லித் தரப்படும் விஷயத்தைச் சொன்னார்.

மாவு புளிக்கிறது. திராட்சை ரசம் நுரைக்கிறது. இதற்கெல்லாம் காரணம் என்சைம்கள் என்ற நொதிப் பொருள்கள். ஒரு பொருளை உடைத்து வேறு பொருளாக மாற்றும் சக்தி அவற்றுக்கு உண்டு.

பிஷர் திராட்சைச் சர்க்கரையிலிருந்து இரண்டு பொருள்களைச் செய்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஓர் இடத்தில் மட்டும் ஒரு சிறு பகுதி பக்கம் மாறி இருக்கும். ஈஸ்டிலிருந்து எடுத்த என்சைம் ஒன்றை உடைத்தது. மற்றதைத் தொடவே இல்லை. பாதாம் பருப்பிலிருந்து எடுத்த என்சைமோ, ஈஸ்ட் தொடாததை உடைத்தது. ஈஸ்ட் உடைத்ததை விட்டுவிட்டது!

பிஷர் யோசித்தார். என்சைம் ஒரு பூட்டு, சர்க்கரை ஒரு சாவி என்று வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கியது. சரியான சாவிதான் பூட்டுக்குள் நுழையும். கொஞ்சம் கோணினாலும் நுழையாது.

(சாவி நுழையும்போது பூட்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது என்று 1958-ல் கோஷ்லண்ட் என்ற அமெரிக்கர் திருத்தம் சொன்னார். ஆனாலும் பிஷரின் பூட்டு போய்விடவில்லை.)

மறு ஆண்டு, 1895-ல், ஆக்னஸ் இறந்து போனார். கல்யாணமாகி ஏழே ஆண்டுகள். மூத்த பையனுக்கே ஏழு வயது ஆகவில்லை. பிஷர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பாலில் கிடைத்த அமிலம்

1902-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரசாயனத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது ஆள் அவர். சர்க்கரைகளையும், காப்பியில் உள்ள கெபீன் போன்ற பொருள்களையும் ஆராய்ந்ததற்காகக் கொடுத்தார்கள்.

அதற்குள் பிஷர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இறைச்சி, பால், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதம் எதனால் ஆனது? அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை அது என்று அவர் காட்டினார். 1907-ல் 18 மணிகள் கொண்ட மாலை ஒன்றைத் தாமே கோத்தார்.

அந்த மணிகளில் ஒன்று லைசின். 1889-ல் டிரெக்செல் என்பவர் பாலில் உள்ள புரதத்திலிருந்து அதைப் பிரித்தார். அதன் அமைப்பு எப்படி என்பது சந்தேகமாக இருந்தது. 1902-ல் பிஷரும் வைகர்ட் என்ற இளைஞரும் அதை ஆராய்ச்சிக் கூடத்திலேயே செய்து காட்டினார்கள். சந்தேகம் தீர்ந்தது.

லைசின் இல்லாவிட்டால் குழந்தை வளராது. ஆனால் மனித உடம்பால் அதைச் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். 1914-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் எலிக் குட்டிகளுக்குக் கோதுமையின் ஒரு புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். குட்டிகள் சாகவில்லை, வளரவும் இல்லை. துளி லைசின் சேர்த்ததும் மளமளவென்று வளர்ந்தன! அரிசியிலும் லைசின் குறைவு. பருப்பில் அதிகம். சோற்றுக்குச் சாம்பார் வேண்டும் என்பது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல.

நம்மால் முடியாததைச் செடி செய்கிறது, பாக்டீரியா என்ற நுண்ணுயிரும் செய்கிறது. ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற வேறு ஒரு மணியை எடுத்து, படிப்படியாக மாற்றி லைசின் ஆக்குகின்றன. செடியில் ஏழு படி. பல பாக்டீரியாக்களில் ஒன்பது படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி என்சைம், அதாவது பிஷர் சொன்ன ஒரு தனிப் பூட்டு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. லைசின் போதுமான அளவு சேர்ந்ததும், அதுவே திரும்பிப் போய் மேல்படியில் இருக்கும் என்சைமில் ஒட்டிக்கொள்கிறது. வேலை நின்றுவிடுகிறது. தொட்டி நிறைந்ததும் தண்ணீர்க் குழாய் தானே மூடிக்கொள்வது போல! இந்த மூடி வேலை செய்யாத பாக்டீரியா ரகங்களைத் தேடி எடுத்து, பெரிய தொட்டிகளில் வளர்த்து, கோழித் தீவனத்துக்கு இன்று டன் டன்னாக லைசின் எடுக்கிறார்கள். இந்தத் தொழில் 1950-களின் பிற்பகுதியில் ஜப்பானில் தொடங்கியது. மனிதனிடம் இல்லாத என்சைம்கள் ஆயிற்றே, அவற்றை முடக்கினால் நோய்க் கிருமி மட்டும் சாகுமா என்றும் விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள்.

இவை எதையும் பிஷர் பார்க்கவில்லை.

யுத்தம்

1914-ல் முதலாவது உலக யுத்தம் மூண்டது. ஜெர்மனியை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் பிஷரும் கையெழுத்துப் போட்டார். பின்னால் அதற்காக வருந்தினார். அரசாங்கத்துக்காக உணவு, ரசாயனப் பற்றாக்குறை வேலைகளில் அலைந்தார்.

தாயில்லாப் பிள்ளைகள் என்று வளர்த்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்த யுத்த காலத்தில் இறந்தார்கள். யுத்தம் தோல்வியில் முடிந்தது. அவருக்கும் புற்றுநோய் கண்டது. 1919-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பெர்லினில் இறந்தார். வயது 66.

மிஞ்சிய மூத்த மகன் ஹெர்மன், தகப்பனாரின் தொழிலையே எடுத்துக்கொண்டார். சர்க்கரைகளைத்தான் ஆராய்ந்தார். நாஜி ஆட்சி வருவதற்குச் சற்று முன்பே ஜெர்மனியை விட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்துக்கும் கனடாவுக்கும் போய், 1948-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகரில் பேராசிரியர் ஆனார். தகப்பனாரின் புத்தகங்களையும், அவர் தயாரித்து வைத்த ரசாயனப் பொருள்கள் அடங்கிய புட்டிகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.