வானூர்தியும் வள்ளல் அழகப்பரும்

புதுவயலில் இருக்கும் நமக்குக் கோட்டையூர் வேற்றூர் அன்று. கொண்டும் கொடுத்தும், நல்லதற்கும் கெட்டதற்கும் போயும் வந்தும், தலைமுறை தலைமுறையாக நாம் உறவாடி வரும் ஊர் அது. ஆகவே அவ்வூரிற் பிறந்த டாக்டர் அழகப்பச் செட்டியார் அவர்களின் வரலாற்றை நம்மவர்க்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்று சிலர் எண்ணக்கூடும். அவர் கட்டிய கல்லூரிகளை அறியாதார் நம்மில் இலர். அவர் கொடையைப் பேசாத மேடையும் இல்லை. ஆயினும் அவர் வாழ்வில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அவர் இளமையில் ஆகாய விமானம் ஓட்டப் பழகியவர். பிற்காலத்தில் விமானக் கம்பெனி ஒன்றை நடத்தி, அதனை இழந்தவர். கொடுத்ததைப் புகழும் நாம், கற்றதையும் இழந்ததையும் மறந்துவிடுகின்றோம். அம்மறதியால் நமக்கு விளையும் நஷ்டம் பெரிது என்பதைக் காட்டவே இதனை எழுதப் புகுந்தோம்.

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகத் தோன்றினார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். நம்மவர் பிள்ளைகள் கணக்கெழுதத் தெரிந்தவுடனே கப்பலேறிய காலம் அது. அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இத்துணைத் தூரம் கல்லூரியில் நின்றது புதுமையே. அதன்பின் அவர் சீமைக்குச் சென்றார். அங்கு மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்டு பாங்கியில் வங்கித் தொழிற் பயிற்சியும் பெற்றார். இவற்றோடு நில்லாமல், லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டப் பழகி, அதற்குரிய அனுமதிச் சான்றும் பெற்றார்.

இச்செய்தியின் அருமையை உணர வேண்டுமானால், அக்காலத்து விமானங்கள் எத்தகையன என்பதை அறிதல் வேண்டும். முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டில் விமானம் என்பது பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆகிய கூடு. அக்கூட்டின்மேல் துணி போர்த்து, அது விறைப்பாக இருக்கும்படி ஒருவகை மெழுகுநெய் பூசுவர். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள். அவற்றை இழுத்துக் கட்டும் கம்பிகள். ஓட்டுவோன் காற்றும் மழையும் முகத்தில் அறையத் திறந்த குழியில் உட்கார்ந்திருப்பான். இங்கிலாந்தில் 1925-இல் தோன்றிய மாத் என்னும் சிறு விமானம் இவ்வகையினதே. அதன் விலை குறைவு. இறக்கைகளை மடக்கிச் சிறு கொட்டகையில் நிறுத்தவும் முடியும். அதனால் விமானப் பயிற்சிக் கழகங்கள் பலவும் அதனையே கைக்கொண்டன. மாணவன் ஒரு குழியிலும் ஆசிரியன் மற்றொரு குழியிலும் அமர்ந்து, குழாய் வழியே பேசிக்கொள்வர். கைப்பிடித் தண்டு ஒன்று, காலால் மிதிக்கும் கட்டை இரண்டு, சில கருவிகள் ஆகியவையே மாணவனுக்குத் துணை.

குராய்டன் அந்நாளில் லண்டனின் தலைமை விமான நிலையம். அங்கிருந்தே 1929-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் கராச்சிக்கு முதல் தபால் விமானத்தை அனுப்பினர். அப்பிரயாணம் முழுவதும் ஆகாய வழியே நிகழ்ந்ததன்று. சுவிட்ஜர்லாந்து வரை விமானம், அங்கிருந்து இத்தாலிக்கு இரயில், பின்னர்க் கடலில் இறங்கும் விமானம், எகிப்திலிருந்து மீண்டும் தரை விமானம் என ஏறி இறங்கி ஏழு நாளில் கராச்சி சேர வேண்டும். கட்டணம் 130 பவுன். பிறகு 1931-இல் நான்கு யந்திரங்கள் கொண்ட ஹாண்ட்லி பேஜ் விமானங்கள் வந்தன. அவற்றில் சாய்வான ஆசனமும் உணவும் உண்டு. ஆனால் வேகமோ மணிக்கு ஏறக்குறைய 100 மைலே.

ஆபத்தும் சிறிதன்று. இந்தியாவுக்கென்றே அமைத்த ஆர்-101 என்னும் பெருங் கப்பல், ஹைட்ரஜன் வாயு நிறைத்த ஆகாயக் கப்பல், 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிரான்சில் வீழ்ந்து எரிந்தது. அதில் 48 பேர் மாண்டனர். அது வந்து தங்குவதற்காகக் கராச்சியில் கட்டிய பெருங்கொட்டகை வெறுமையாய் நின்றது. இங்ஙனம் செய்தித்தாள் தோறும் விபத்துச் செய்தி வந்த காலத்திலேதான் கோட்டையூர்ச் செட்டியார் வீட்டு இளைஞர் ஒருவர் குராய்டனில் விமானத் தண்டைக் கையிற் பிடித்தார்.

இதனைச் செல்வர் பிள்ளையின் விளையாட்டு என்று சிலர் தள்ளிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் முன்னோர் கொண்டுவிற்கப் போன முறையைச் சற்றே நினைத்துப் பார்த்தல் வேண்டும். எத்துணைப் பெரிய வீட்டுப் பிள்ளையாயினும் முதலில் பெட்டியடிப் பையனாக உட்கார வேண்டும். பெட்டகத்தின் அடியில் அமர்ந்து, ஏடு எடுத்துக் கொடுத்து, வட்டி கணக்கிட்டு, ஆள் முகம் அறிந்து, பின் அடுத்தாளாகி, அதன்பின்னரே மேலாளாக வேண்டும். தொழிலின் அடிமுதல் அறியாதவன் கையில் முதலைக் கொடுப்பது நம் மரபன்று. அழகப்பர் குராய்டனில் செய்தது அதுவே. ஆகாயத் தொழிலில் அவர் பெட்டியடிப் பையனாக அமர்ந்தார். பிற்காலத்தில் விமானம் வாங்கியபோது, அதன் இறக்கை எதனால் ஆயது, எக்காற்றில் அது எப்படி ஆடும் என்பதை உடலால் அறிந்தவராகவே அவர் வாங்கினார்.

அவர் பழகிய அந்த ஆண்டுகளிலேயே நம் நாட்டிலும் ஆகாய வழி திறந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து அகமதாபாத்து வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொணர்ந்தார். அவர்கள் ஓட்டிய பஸ் மாத் விமானம் மூடிய அறையும் ஒற்றை இறக்கை வரிசையும் உடையது. உடற்கூடு எஃகுக் குழாயால் ஆயது. போர்வை மட்டும் இன்னும் துணியே. அடுத்த ஆண்டிலேயே லண்டன் வழி இரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் நீண்டது. 1938-இல் டாட்டா கம்பெனியின் விமானங்கள் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்குச் செல்லலாயின. இரங்கூன், சிங்கப்பூர், கொழும்பு என்பன நம்மவர் கடைகள் நிறைந்த ஊர்கள் அல்லவா? கப்பற் கடிதத்துக்காக நாள் எண்ணிக் காத்திருந்த நம் மேலாட்களின் தலைக்குமேலே புதிய வழி ஒன்று பறந்து கொண்டிருந்தது.

அதே ஆண்டுகளில் நம் சமூகத்தின் பழைய வழியோ அடைபட்டுக் கொண்டிருந்தது. 1930-க்குப் பின் நெல் விலை வீழ, பர்மாவில் கடன் பட்டவர் பணம் கட்ட முடியாமல் நிலத்தைக் கொடுத்தனர். நம் முதல் வயலாய் முடங்கியது. 1942-இல் ஜப்பானியர் புகுந்தபோது எத்தனையோ பேர் ஏட்டையும் பெட்டியையும் விட்டுக் காட்டு வழியே நடந்து வந்தனர். ஒரே தொழிலில், ஒரே தேசத்தில் எல்லாவற்றையும் வைத்ததன் விளைவு அது. அழகப்பர் இதனை முன்னரே உணர்ந்தார் போலும். 1937-இல் கொச்சி நாட்டில் திருச்சூரை அடுத்து நெசவாலை தொடங்கினார். மலேயாவில் ஈயச் சுரங்கமும் இரப்பர்த் தோட்டமும், இங்கு இன்ஷூரன்சு முதலிய பிற தொழில்களும் என முதலைப் பல துறைகளிற் பரப்பினார்.

இதற்கிடையே விமானத்தின் அமைப்பு முற்றும் மாறிவிட்டது. துணியும் கம்பியும் போய், அலுமினியத் தகடே உடலும் இறக்கையும் ஆயிற்று. அத்தகடு வெறும் போர்வையன்று. பாரத்தைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. சக்கரங்கள் மேலெழுந்ததும் மடங்கின. இவ்வகையில் தலைசிறந்தது 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் முதன்முதல் பறந்த டக்ளஸ் டி.சி.-3. இருபத்தொரு பிரயாணிகளை ஏற்றி மணிக்கு 150 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அது சென்றது. பிரயாணிகளின் கட்டணத்தைக் கொண்டே ஆதாயம் தரக்கூடிய விமானம் அது எனப் பேர் பெற்றது. இரண்டாம் உலகப் போரில் டகோட்டா என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அது செய்யப்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சியவை குறைந்த விலைக்கு வந்தன.

அத்தருணத்தில் அழகப்பர் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், நாகபுரி வழியாகத் தில்லிக்கு அதன் டகோட்டா விமானங்கள் பறந்தன. தென்னாட்டின் தலைநகரை நாட்டின் தலைநகரோடு இணைக்கும் வழியைச் செட்டிநாட்டார் ஒருவர் நடத்தியது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத் தகுந்ததே.

ஆயினும் அது நிலைக்கவில்லை. இதனை மறைத்துச் சொல்வது வரலாறு ஆகாது. மலிவான விமானம் கிடைத்ததனால் பலரும் ஒரே காலத்தில் இத்தொழிலிற் புகுந்தனர். அரசினர் அளித்த அனுமதிகளோ இருந்த போக்குவரத்தின் அளவை மிஞ்சின. 1950-இல் நீதிபதி ராஜாத்தியட்சா அவர்கள் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவினரும் இதனையே கண்டனர். 1953-இல் அரசினர் எட்டுக் கம்பெனிகளைத் தம் வசமாக்கிக் கொண்டபோது அவ்வெட்டில் ஜூபிடர் இல்லை. அது முன்னரே மறைந்துவிட்டது. விமானம் ஓட்டக் கற்றது வேறு, விமான வழி ஒன்றுக்கு ஆள் சேருமா என்று கணிப்பது வேறு என்பதும் இதனால் விளங்கும். பெட்டியடிப் பையனின் பாடம் இன்றியமையாதது. ஆனால் அது ஒன்றே வெற்றிக்குப் பிணை ஆகாது.

இந்நஷ்டத்தை அவருடைய பிழையாக எண்ணுவோர் உண்டு. அவர்கள் அதே ஆண்டுகளில் அவர் செய்த மற்றொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். 1947-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் சென்னையில் நிகழ்ந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அவர்கள் செல்வர்கள் கல்லூரி நிறுவ முன்வர வேண்டும் என வேண்டினார். அழகப்பர் அங்கேயே எழுந்து இசைந்தார். ஆகஸ்டு 11-ஆம் நாள், நாற்பது நாளுக்குள், காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. ஓடுதளத்தில் ஓடத் தொடங்கியவன் ஓர் எல்லைக்கு மேல் தயங்கினால் விபத்து; மேலே எழுந்தே ஆக வேண்டும். அவ்விரைவை அவர் கல்வித் துறையிலும் காட்டினார்.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் அளித்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பட்டது. இங்கு ஓர் இயைபைக் கருதிப் பார்க்கலாம். துணி விமானத்தை உலோக விமானமாக்கிய அலுமினியம், தாதுவிலிருந்து மின்சாரத்தால் பிரித்தெடுக்கப்படுவது. உலோகம் துருப்பிடித்து அரிபடாமற் காக்கும் வழியும் மின்வேதியியலைச் சார்ந்ததே. அழகப்பர் இதனை எண்ணித்தான் கொடுத்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவருடைய விமானங்கள் போய்விட்ட பின்னும், விமானத்துக்கு அடிப்படையான அறிவு நம் செட்டிநாட்டு மண்ணில் வேரூன்றி நிற்கின்றது.

உடல்நலம் குன்றியும் அவர் ஓயவில்லை. தம் இல்லத்தையும் பெண் மக்கள் கல்விக்கென ஈந்தார். 1956-இல் அரசினர் பத்மபூஷண் விருது அளித்தனர். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, அவர் மறைந்தார். அவர் வைத்த வித்து 1985-இல் அவர் பெயரால் பல்கலைக்கழகமாக விரிந்தது.

இன்று நம் குடும்பங்களில் விமானம் ஏறாதவர் அரியர். ஏறியோர் பலர், ஓட்டவும் ஆக்கவும் கற்றோர் எத்துணையர்? நம் பிள்ளை புதியதொரு தொழிலைக் கற்கப் போகின்றேன் என்றால், ஆபத்து என்றும் நம் குலத்துக்கு வழக்கமில்லை என்றும் தடுப்போர் நம் முற்றத்திலேயே இருக்கின்றனர். பெண் பிள்ளையாயின் தடை இரட்டிப்பு. அத்தகையோர் கோட்டையூர் வழியே செல்லும்போது ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பாராக. முதலைக் கொடுப்பதற்கு முன் தொழிலைக் கற்கச் செய்வோம். தொழில் நொடித்தால் கற்றவரைப் பழியாது மறுபடியும் தூக்கி நிறுத்துவோம். அழகப்பருக்கு நாம் எடுக்கும் விழாக்களிலும் வைக்கும் படங்களிலும் இதுவே அவருக்கு உகந்ததாகும் என்பது நம் துணிபு.