பேராசிரியர் மகலனோபிஸ் (1893 – 1972)

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஆம் ஆண்டு யூன் மாதம் 29 ஆந் திகதி கல்கத்தாவில் பிறந்தார். பிரெசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்று 1912 இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதமேதை இராமானுஜன் இவருடைய நண்பரானார். குளிரில் நடுங்கிய இராமானுஜன் கம்பளிகளுக்கு உள்ளே படுக்காமல் அவற்றின் மேலேயே படுத்து வந்தாராம். கம்பளிக்குள் நுழைந்து படுக்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ்.

1915 இல் ஊர் திரும்பும்போது புள்ளிவிபரவியல் சஞ்சிகைத் தொகுதிகள் சிலவற்றைக் கப்பலில் வாசித்தார். அவரது வாழ்க்கை திசைமாறியது அவற்றால்தான். கற்பித்தது பௌதிகவியல், மனம் முழுவதும் புள்ளிவிபரவியல்.

1920 இல் விலங்கியலாளர் அனந்தேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவுகளை ஆராயுமாறு இவரிடம் கொடுத்தார். இங்கேதான் சிக்கல் எழுந்தது. இருவருடைய உயரம் 1 சென்ரிமீற்றரால் வேறுபட்டால் அது ஒன்றுமேயில்லை. மூக்கின் அகலம் அதே 1 சென்ரிமீற்றரால் வேறுபட்டால் அது பெரிய வேறுபாடு. அப்படியானால் இவற்றை எப்படி ஒரே கணக்கில் சேர்ப்பது?

மாணவர்களே, இதே சிக்கல் உங்கள் தேர்ச்சி அறிக்கையிலும் உண்டு. ஒருவர் கணிதத்தில் 65, சமயத்தில் 80 பெற்றார் என்க. வகுப்பின் இடை கணிதத்தில் 45, சமயத்தில் 74. நியம விலகல் முறையே 10, 6. (நியம விலகல் என்பது புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவு.) புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுத்தால், கணிதத்துக்கு 20 ÷ 10 = 2, சமயத்துக்கு 6 ÷ 6 = 1. எனவே அவர் சிறப்பாகச் செய்தது கணிதத்தையே. இதுவே இசட் புள்ளி.

மகலனோபிஸ் இதற்கு அப்பாலும் சென்றார். உயரமானவர் பெரும்பாலும் நிறை கூடியவராகவும் இருப்பார். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகிவிடும். அளவுகளுக்கு இடையிலுள்ள இத்தொடர்பையும் கருத்திற்கொண்டு 1936 இல் அவர் வெளியிட்ட அளவீடு மகலனோபிஸ் தூரம் எனப்படுகிறது. ஓர் அளவு மட்டும் இருப்பின், இடையிலிருந்து உள்ள அத்தூரம் குறி நீங்கிய இசட் புள்ளியே.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் உயர்தர வினாத்தாள்களை எழுதும் அண்ணன், அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், இசட் புள்ளி பற்றித்தான் பேசுவார்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இம்முறை 2001 இல் வந்தது. ஆனால் யாருடைய இடையைக் கழிப்பது என்பது சிறிய விடயமன்று. 1970களின் தொடக்கத்தில் மொழிமூல அடிப்படையில் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டபோது எமது மாணவர் பலர் இடம் இழந்தனர். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டத்தினரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012 இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. பின்னர் இரு பகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்கப்பட்டது.

மகலனோபிஸ் அறைக்குள்ளிருந்து கணக்குப் போட்டவர் மட்டுமல்லர். 1926 இல் ஒரிசாவில் வெள்ளம் பெருகியபோது, ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியியலாளர். இவர் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, அடித்தளம் உயரவில்லை என்று காட்டினார். 1931 இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவகத்தைத் தொடங்கினார். அதன் ஆரம்ப இடம் பிரெசிடென்சிக் கல்லூரியின் ஓர் அறைதான்! 1950 இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை ஏற்படுத்தினார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் இவருடைய மாதிரியிலேயே அமைந்தது.

1968 இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1972 யூன் 28 இல், 79 ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் காலமானார். 2007 முதல் இந்தியா அவரது பிறந்தநாளைப் புள்ளிவிபரவியல் தினமாகக் கொண்டாடி வருகிறது.