தேக்கை எண்ணிய பிராண்டிஸ்

பறம்பிக்குளம் சென்று கன்னிமாரா தேக்கைப் பார்த்தவர்கள் அதன் சுற்றளவைக் கேட்டு மலைத்திருப்பார்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், சரிவானால் மேட்டுப் பக்கம் நின்று, டேப்பைச் சுற்றி அளப்பது வழக்கம். ஒரு மரத்தை இப்படி அளந்து விடலாம். ஒரு காட்டை எப்படி அளப்பது? அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இதற்கு வழி கண்டவர் டீட்ரிக் பிராண்டிஸ்.

ஜெர்மனியின் பான் நகரில் 1824-ல் பிறந்தவர், தாவரவியல் ஆசிரியர். 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்கு அதிகாரியாக வந்தார். வியாபாரிகள் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிய காலம் அது. இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் வெட்டுக்கு வரம்பு கட்ட முடியாது.

பிராண்டிஸ் யானை மீதேறிப் புறப்பட்டார். மழைக்காட்டில் காகிதம் உதவாது. கையில் நான்கு மூங்கில் குச்சிகள், ஒரு கத்தி. பருமனைப் பார்த்து மரங்களை நான்கு வகுப்பாக்கினார். சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலும் முதல் வகுப்பு. நாலரை முதல் 6 அடி வரை இரண்டாம் வகுப்பு. வழியின் இருபுறமும் குறித்த தூரத்துக்குள் தென்பட்ட ஒவ்வொரு தேக்குக்கும் அதன் வகுப்புக் குச்சியில் ஒரு வெட்டு. கடந்து வந்த பரப்பில் கண்ட எண்ணிக்கையை வைத்துக் காடு முழுவதற்கும் கணக்கிட்டார்.

இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக 24 ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கணிப்பு. ஆகவே முதல் வகுப்பில் 24-ல் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் வெட்டக் கூடாது என்றார். வியாபாரிகள் எதிர்த்தும் அவர் அசையவில்லை.

ரயில் பாதைகளுக்கு ஸ்லீப்பர் கட்டைகள் கேட்டுக் காடுகள் அழிந்து வந்தன. 1864-ல் அவரே இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தோன்றியது.

பின்னர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர் யோசனைகளை ஒட்டி 1882-ல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அன்று மலபாரில் இருந்த பாலக்காடும் அதன் கீழ் வந்தது. கிராமத்தாருக்கென்று தனிக் காடுகள் வேண்டும் என்பது பிராண்டிஸின் கருத்து. ஆனால் நடைமுறையில் ரிசர்வ் காடுகளே பெருகின. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்த ஏழைகள் அவதிப்பட்டனர். மரத்தைக் காத்த கணக்கில் மனிதர் பங்கு குறைந்தது.

1883-ல் ஓய்வு பெற்ற பிராண்டிஸ், இந்திய மரங்களைப் பற்றிய பெரிய நூலை 1906-ல் வெளியிட்டார். மறு ஆண்டு பான் நகரிலேயே காலமானார். செயற்கைக்கோள் படங்கள் வந்துவிட்ட இன்றும், டேப்பும் கையுமாகக் காட்டுக்குள் நடந்து மரம் எண்ணுவது நிற்கவில்லை.