சவாரித்தம்பரைத் தந்த சுந்தர்

என் அப்பா கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் வடமராட்சி. ஊரிலிருந்து வருகிறவர்கள் பனங்கட்டி, ஒடியலோடு தவறாமல் கொண்டுவரும் இன்னொரு சாமான் ‘சிரித்திரன்’. கண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்பாவின் ஊர்ப்பேச்சைப் பழக்கியது அந்தச் சஞ்சிகையின் சவாரித்தம்பர்தான்.

சவாரித்தம்பரைப் படைத்தவர் சிவஞானசுந்தரம். ‘சிரித்திரன்’ சுந்தர் என்றால்தான் பலருக்கும் தெரியும். 1924 இல் கரவெட்டியில் பிறந்தார். கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போனவர், அங்கே கேலிச்சித்திரத்தின் பக்கம் திரும்பினார். பம்பாய்ப் பத்திரிகைகளில் அவருடைய சித்திரங்கள் வந்தன. வீடு கட்ட வரைபடம் போட வேண்டிய கை, வீட்டுக்குள் இருக்கும் மனிதரை வரையத் தொடங்கியது. படித்து உத்தியோகம் பார்ப்பதே வாழ்க்கை என்று நம்பிய சமூகத்தில் அது சின்ன முடிவல்ல.

இலங்கைக்குத் திரும்பியதும் ‘தினகர’னில் சவாரித்தம்பர் தொடர் சித்திரமாக வந்து பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டி ஓட்டப் போட்டி. அந்தப் பெயரே ஆளை முன்னால் நிறுத்திவிடும். தொழிலைப் பம்பாயில் பழகினாலும், சுந்தர் வரைவதற்கு ஆள் தேடியது கரவெட்டியின் ஒழுங்கைகளிலும் வேலியோரங்களிலும்தான். அவருடைய பாத்திரங்கள் கிராமத்துப் பேச்சையே பேசின. சின்னக்குட்டியும் மைனர் மச்சானும் அப்படி வந்தவர்கள். ஆங்கில மோகத்தைப் பகிடி பண்ண வந்தவர் மிஸிஸ் டாமோடிரன். தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப் பெயர் நாகரிகத்தின் வாயில் அகப்பட்டு என்ன பாடுபடுகிறது என்பதே அங்கே முதல் பகிடி.

1963 இல் கொழும்பில் ‘சிரித்திர’னைத் தொடங்கினார். நகைச்சுவையை மட்டும் நம்பி இலங்கையில் ஒரு தமிழ்ச் சஞ்சிகை நடத்துவது துணிச்சலான காரியம். பிறகு அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். கேலிச்சித்திரம் வரைந்ததோடு, ‘மகுடி’ என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் எழுதினார். சீதனம், சாதித் திமிர், போலிக் கௌரவம் எல்லாம் அங்கே அடி வாங்கின. தன் சனத்தை நையாண்டி செய்தார், ஆனால் இழிவுபடுத்தவில்லை. அடி வாங்கியவர்களே காசு கொடுத்து வாங்கி வாசித்தார்கள்.

1983 ஜூலையில் அப்பா எங்கள் வீட்டிலிருந்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் கிணற்றடியில் போட்டு எரித்தார். ‘சிரித்திரன்’ கட்டும் அதில் போனது. வீட்டுக்குள் தமிழ் எழுத்து இருப்பதே ஆபத்து என்ற நாட்கள் அவை. சிரிக்க வைத்த படங்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

யுத்தத்துக்குள் சஞ்சிகை நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து சில மாதங்களில், 1996 இல் சுந்தர் காலமானார். ‘கார்ட்டூன் உலகில் நான்’ என்ற அவருடைய நூல் இருக்கிறது. பழைய இதழ்கள் பல ‘நூலகம்’ இணையத்தளத்தில் கிடைக்கின்றன.

கணினியில் அனிமேஷன் படிக்கும் என் மகன், நம்மவர்களில் முன்னோடி யார் என்று போன மாதம் கேட்டான். தொலைபேசியில் ஒரு ‘சிரித்திரன்’ இதழைத் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கிணற்றடியில் எல்லாம் எரிந்துபோகவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.