உங்கள் தட்டுச் சோறும் நாட்டின் பாதுகாப்பும்: சி சுப்பிரமணியம் எடுத்த துணிச்சலான முடிவு

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா திடீரென்று தடை செய்தது. சிங்கப்பூர் இந்தியாவிடம் பேசியது. ஆகஸ்ட் இறுதியில் விதிவிலக்கு கிடைத்தது. பிறகு அதன் அளவு 50,000 டன் என்று அறிவிக்கப்பட்டது.

ஒருகாலத்தில் இப்படிக் கேட்டு நின்றது இந்தியாதான். அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர், பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த ஒரு தமிழர்.

யார் அவர்?

சி சுப்பிரமணியம். 1910இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பியலும் சட்டமும் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். சென்னை மாநிலத்தில் 10 ஆண்டு அமைச்சராக இருந்தார். 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண் அமைச்சைக் கொடுத்தார்.

கப்பல் வந்தால்தான் ரொட்டி

அப்போது இந்தியா பெருமளவில் அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. சலுகைத் திட்டம் என்பதால் இந்திய ரூபாயிலேயே பணம் கட்டலாம். வசதிதான். ஆனால் சாவி யார் கையில்?

1965இல் மழை பொய்த்தது. தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன்னிலிருந்து 7.2 கோடி டன்னுக்குச் சரிந்தது. அதே ஆண்டு பாகிஸ்தானுடன் போர். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாமல், கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்பச் சொன்னார். இந்தியா வேளாண்மையில் கூடுதல் முதலீடு செய்ய வேண்டும் என்றார். வியட்நாம் போரை இந்தியா குறைகூறியதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்போது புரிகிறதா? கப்பல் தாமதமானால் கடையில் விலை ஏறும். விலை ஏறினால் மக்கள் கொதிப்பார்கள். அதனால் வெளியுறவில் என்ன பேசுவது என்பதையும் யோசித்துத்தான் பேச வேண்டும். உணவு, பாதுகாப்பு விவகாரமாவது இப்படித்தான்.

புல்வெளியில் கோதுமை

சுப்பிரமணியம் இரண்டு வழிகளில் இறங்கினார். ஒன்று, விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை. அதற்காக 1965இல் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் அமைந்தன. இன்னொன்று, புதிய விதை. எம் எஸ் சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் பரிந்துரைத்த மெக்சிகோ குட்டை ரகக் கோதுமை அது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாத நேரத்தில் வெளிநாட்டு விதையா, உரச் செலவு யார் தருவது, ஏழை விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். அவர் பின்வாங்கவில்லை. டில்லியில் தன் அரசாங்க வீட்டுப் புல்வெளியிலேயே அந்தக் கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். 1966இல் 18,000 டன் விதை இறக்குமதியானது.

அந்த ஆண்டும் மழை ஏமாற்றியது. சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது.

தோல்வி முதலில், அறுவடை பிறகு

1967 தேர்தல். தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்போடு அரிசித் தட்டுப்பாடும் பெரிய பிரச்சினை. ரூபாய்க்கு 3 படி அரிசி என்ற வாக்குறுதியோடு வந்த தி.மு.க. வென்றது. உணவு அமைச்சர் சுப்பிரமணியம் தன் தொகுதியிலேயே தோற்றார்.

அடுத்த ஆண்டு கோதுமை விளைச்சல் சுமார் 1.7 கோடி டன். அதற்கு முந்தைய உச்சம் சுமார் 1.2 கோடிதான். கிடங்குகள் போதாமல் சில இடங்களில் பள்ளிக்கூடங்களில் மூட்டைகளை அடுக்கினார்கள். அவர் அப்போது பதவியில் இல்லை.

1998இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 2000இல் காலமானார்.

நமக்கு என்ன?

வயல் இல்லாத சிங்கப்பூர் அவர் வழியில் போக முடியாது. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. அதனால் பல நாடுகளிடம் வாங்குகிறோம். அரிசி இறக்குமதியாளர்கள் 2 மாத இறக்குமதிக்குச் சமமான அரிசியைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்: நம் சோற்றுப் பானையின் மூடி ஒரே ஒருவர் கையில் இருக்கக்கூடாது. அடுத்த முறை அரிசி விலை ஏறினால், கடைக்காரரை மட்டும் கேட்காதீங்க. எந்த நாடு எதை நிறுத்தியது என்றும் பாருங்க.